கலாயோகியின் கறுப்புக் கல்

கொழும்பில் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிப் போகும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். வயதானவர்கள் இன்னும் அதைக் கிறீன் பாத் என்றுதான் சொல்கிறார்கள். தேசிய கலாபவனம் அந்த வீதியில்தான் இருக்கிறது. கலாயோகி என்று நாம் அழைக்கும் ஒருவரின் பெயரில் உள்ள வீதிக்குப் பொருத்தமான கட்டடம்தான். ஆனால் அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது சிவ நடனமோ இராஜபுத்திர ஓவியமோ அல்ல. சீனிக் கட்டியைவிடச் சிறிய, நிறத்தில் கரி போன்ற, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் ஒரு கல்தான்.

நான் பிறந்து வளர்ந்தது பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். என் மாமா தோட்ட வேலை இல்லாத நாட்களில் மாணிக்கக் குழிக்குக் கூலிக்குப் போவார். குழியின் அடியில் கிடைக்கும் சரளைப் படைக்கு இல்லம் என்று பெயர். அதை மூங்கில் கூடையில் இட்டு ஓடைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் பாரமில்லாததெல்லாம் வெளியே போய்விடும். அடியில் தங்குவது பாரமான கற்கள் மட்டும்தான். அவற்றில் நீலமோ புஷ்பராகமோ இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மிச்சமெல்லாம் கறுப்பு மணிகள். அவற்றை மாமா ஒரு கையால் வழித்து எறிந்துவிடுவார். நான் பொறுக்கி வந்து தகர டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, குப்பையை வகுப்புக்குள் கொண்டு வரக்கூடாது என்று ஓர் ஆசிரியர் ஜன்னலால் வீசிவிட்டார்.

பிறகு நானே விஞ்ஞான ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் குழிகளிலிருந்து போன கறுப்புக் கல் ஒன்று, உலகத்திலேயே மிகப் பழைய பாறை எது என்ற பட்டியலில் சில காலம் முதலிடத்தில் இருந்தது என்பதைப் பாதி ஆயுள் போன பின்னர்தான் அறிந்தேன். அந்தக் கல் உலகுக்குத் தெரியவந்த கதையில் ஒரு தமிழரின் பெயர் வருகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அவரை நாம் கலைக்காக மட்டும் கொண்டாடுகிறோம்.

ஆனந்த கென்ரிஷ் முத்து குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர், அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவர். தாய் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். பெயரின் நடுவில் நிற்கும் கென்ரிஷ் அந்த ஊரின் நினைவு. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் சேர் முத்துவின் சகோதரியின் பிள்ளைகள். அதாவது ஆனந்தாவுக்கு மச்சான்மார். குழந்தையை எடுத்துக்கொண்டு தாய் இங்கிலாந்து போனார். பின்னால் வருவதாக இருந்த தந்தை 1879இல், பயணம் புறப்பட வேண்டிய நேரத்தில் கொழும்பிலேயே இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. அப்பாவின் நாடு அவருக்கு அதன்பின் பல வருடங்கள் வெறும் பெயராகத்தான் இருந்திருக்கும்.

குளோஸ்ரர்ஷயரில் உள்ள விக்ளிப் கல்லூரியில் படித்தார். அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்துக்களில் ஒன்று, அந்தப் பாடசாலை அருகிலுள்ள டவரோ குன்றின் புவிச்சரிதவியல் பற்றியது. பதினெட்டு வயதுப் பையன் எழுதியது. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய், 1900இல் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அதே ஆண்டு இலங்கைப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டிதழில் வெளிவந்தது. இருபத்து மூன்று வயதில் அந்த இதழில் எழுதுவது சின்ன விடயமல்ல.

அவர் படித்த நாட்களில் பூமியின் வயது பெரிய வழக்காக இருந்தது. பாறைப் படைகளை வரிசைப்படுத்துவது அப்போதே தெரிந்த கலை. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஒவ்வொரு படைக்கும் அதற்கே உரிய உயிர்ச்சுவடுகள் உண்டு. ஒரே சுவடுகள் இரண்டு ஊர்களில் கிடைத்தால் இரண்டு படைகளும் ஒரே காலத்தவை. வில்லியம் ஸ்மித் என்ற நில அளவையாளர் இந்த முறையைக் கொண்டு இங்கிலாந்து முழுவதற்கும் 1815இலேயே படம் போட்டுவிட்டார். ஆனால் இது முன் பின் சொல்லுமே தவிர, எத்தனை வருடம் என்று சொல்லாது. வருடக் கணக்கைச் சொல்ல வந்தவர்கள் வேறு வழிகளில் போனார்கள். கெல்வின் பிரபு பூமி குளிர்ந்துவரும் வேகத்தைக் கணக்கிட்டு 1897இல் 20 முதல் 40 மில்லியன் ஆண்டுகள் என்றார். அயர்லாந்தின் ஜோன் ஜோலி கடலில் சேர்ந்த உப்பைக் கணக்கிட்டு 1899இல் 90 மில்லியன் அளவில் சொன்னார். பாறைகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டுமே போதாது என்று பட்டது. ஆனால் மறுத்துச் சொல்ல அவர்களிடம் மணிக்கூடு இல்லை.

இலங்கையில் சிக்கல் இன்னும் அதிகம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், அதற்குள் கடற்பிராணிகளின் எச்சங்கள் உண்டு. அதனால் அது மயோசீன் காலத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு வேறு விதமான பாறை. ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறிப் பளிங்கான கல். அதில் ஓர் உயிர்ச்சுவடும் கிடையாது. சிவனொளிபாத மலையின் வயது என்ன என்று கேட்டால், மிகப் பழையது என்பதற்கு மேல் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியாத காலம் அது.

இந்தப் பாறைகளிடம்தான் குமாரசுவாமி வந்து சேர்ந்தார். 1902இல் எதெல் பார்ட்றிஜ் என்ற ஆங்கிலப் பெண்ணைத் திருமணம் செய்து இலங்கைக்கு வந்தார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளரானார். பணிப்பாளர் என்றதும் பெரிய அலுவலகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மாட்டு வண்டியும், சுத்தியலும், எதெலின் புகைப்படக் கருவியும்தான் பெரும்பாலும் அந்தத் திணைக்களம். ஊர் ஊராகப் போனார்கள். காலியில் கிடைத்த ஒரு வகைப் பாறைக்குக் காலித் தொகுதி என்று பெயர் கொடுத்தார். சென்னைப் பல்லாவரக் குன்றுகளில் முதலில் இனங்காணப்பட்ட சார்னொக்கைற்றுப் பாறை இலங்கையிலும் விரிந்து கிடப்பதை எழுதினார். கண்டிப் பக்கம் கங்கப்பிட்டியவில் கிடைத்த நீல நிறக் கனிப்பொருள் ஒன்றை, பிரித்தானிய அரும்பொருளகத்தைச் சேர்ந்த பிரையருடன் சேர்ந்து 1903இல் விபரித்தார். அராபியர் நம் நாட்டுக்கு வைத்த பழைய பெயரால் அதற்குச் செரண்டிபைற்று என்று பெயர். இன்று மாணிக்கச் சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்துத் தேடும் அரிய கற்களில் அதுவும் ஒன்று.

இனிக் கறுப்புக் கல்லுக்கு வருகிறேன். பலாங்கொடைக்கு அருகே பம்பரபொட்டுவப் பகுதியில் ஹொலண்ட் என்பவருக்கு மாணிக்கச் சரளையில் பாரமான கறுப்புக் கனசதுரங்கள் கிடைத்தன. அவை குமாரசுவாமியின் கைக்கு வந்தன. அவர் அதை யுரேனினைற்று என்ற யுரேனியக் கனிப்பொருள் என எடுத்துக்கொண்டார். இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது, அதில் முக்கால்வாசிக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. புதிய கனிப்பொருள். 1904இல் அதற்குத் தோரியனைற்று என்று பெயர் சூட்டியவர் டன்ஸ்ரன்தான். குமாரசுவாமி தனியே கண்டுபிடித்து, தானே பெயரும் வைத்தார் என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. முதலில் கையில் எடுத்தவர் வேறு, பெயர் வைத்தவர் வேறு. இது சாதாரணக் கறுப்புக் கல் அல்ல, சோதிக்க வேண்டியது என்று கண்டுகொண்டதே அவருடைய பங்கு. என் மாமா வழித்து எறிந்த கையை நினைத்தால் அந்தப் பங்கு சிறியது அல்ல என்று விளங்கும்.

கல் கப்பலேறியது. அரசாங்கத்துக்கு அதில் அக்கறை வந்தது விஞ்ஞானத்துக்காக அல்ல, காஸ் விளக்குக்காக. பெற்றோல்மாக்ஸ் விளக்கில் கட்டும் மாண்டில் பை நினைவிருக்கிறதா? அது வெள்ளை வெளேரென ஒளிவிடுவதற்குக் காரணம் தோரியம் ஒட்சைட்டு. ஐரோப்பாவின் வீதிகளெல்லாம் அப்போது அப்படித்தான் எரிந்தன. ஆனால் கொஞ்சம் கல் ஆய்வுகூடங்களுக்கும் போனது. அதுதான் அதிர்ஷ்டம்.

குமாரசுவாமி படித்த அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில், ஓட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்புக்களை ஆராய்ந்து 1905இல் றேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நொபெல் பரிசு பெற்றவர் இதே ஹான். தோரியனைற்றைச் சூடாக்கினால் ஒரு கிராமிலிருந்து ஒன்பது கன சென்ரிமீற்றர் அளவில் ஈலியம் வாயு வெளியேறும். கதிர்த்தொழிற்பாட்டால் பிறந்து கல்லுக்குள்ளேயே சிறைப்பட்ட வாயு அது. வருடத்துக்கு எவ்வளவு ஈலியம் பிறக்கிறது என்று அளந்துவிட்டால், இவ்வளவு சேர எத்தனை வருடம் என்று சொல்லிவிடலாம். றொபேட் ஸ்ரட் அதையே செய்தார். 1910இல் அவர் வெளியிட்ட கணக்கில் காலித் தோரியனைற்றுக்கு 200 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் வந்தது. கெல்வினின் 40 மில்லியன் அந்தச் சிறு கல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. அதுவும் குறைந்தபட்ச வயதுதான், ஏனென்றால் ஈலியம் கசிந்து போகும்.

கசியாத ஒன்றைத் தேடினால் ஈயம். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாக நின்றுவிடுகிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேர்ற்றம் போல்ற்வூட் வாதிட்டார். கல்லில் உள்ள ஈயத்தை யுரேனியத்தால் வகுத்து, 10,000 மில்லியனால் பெருக்கினால் வயது. 1907இல் அவர் வெளியிட்ட பட்டியலில் மாதிரிகளின் வயது 410 மில்லியனில் தொடங்கி 2200 மில்லியனில் முடிந்தது. அந்த 2200, இலங்கைத் தோரியனைற்று. நான்கு வருடம் கழித்து ஆதர் ஹோம்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் நோர்வேப் பாறையொன்றை 370 மில்லியன் ஆண்டு எனக் கணித்து, பழைய எண்களையும் திருத்தி ஒரு பட்டியல் போட்டார். அதிலும் மிகப் பழையதாக நின்றது இலங்கைதான்: 1640 மில்லியன் ஆண்டுகள்.

பெருமைப்பட்டுக்கொண்டு இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் அந்த எண் பிழை. பிழை எங்கே என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

போல்ற்வூட் தோரியத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தோரியத்தின் முடிவு ஈயமல்ல என்று நம்பினார். வேறு கற்களில் தோரியம் கொஞ்சம்தான், பிழை வெளியே தெரியாது. நம்முடைய கல்லிலோ முக்கால்வாசி அதுதான். ஒருநாள் மாலை நானே தாளும் பேனையும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 100 கிராம் கல்லில் 66 கிராம் தோரியமும் 11 கிராம் யுரேனியமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று நமக்குத் தெரிந்த வயதான சுமார் 550 மில்லியன் ஆண்டுகளில் அந்த யுரேனியம் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான ஈயத்தைத் தரும். தோரியம் ஒன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகம் தரும். மொத்தம் இரண்டரைக் கிராம். இவ்வளவையும் யுரேனியத்தின் பிள்ளை என்று எண்ணி 11ஆல் வகுத்துப் பெருக்கினால் 2300 மில்லியன் வருகிறது. போல்ற்வூட் சொன்ன 2200க்குப் பக்கத்தில்! மனிதர் அளந்ததில் பிழையில்லை. யாருடைய ஈயம் என்பதில்தான் பிழை.

அதையும் இலங்கைக் கல்லே தீர்த்து வைத்தது. கிளாஸ்கோவில் பிரெடெரிக் சொடி, யுரேனியம் மிகக் குறைவான இலங்கைத் தோரைற்று என்ற இன்னொரு தோரியக் கனிப்பொருளிலிருந்து ஈயத்தைப் பிரித்து 1914இல் நிறுத்துப் பார்த்தார். சாதாரண ஈயத்தைவிட அதன் அணுநிறை கூடுதலாக இருந்தது. தோரியமும் ஈயமாகத்தான் முடிகிறது, ஆனால் பாரமான ஈயமாக. ஒரே மூலகம், வேறு வேறு நிறை. சமதானிகள் என்று நாம் இன்று பாடசாலையில் படிப்பிப்பது இதைத்தான். சொடிக்கு 1921ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலைகளே அடித்தளம். ஈயங்களைத் தனித்தனியாக எண்ணத் தெரிந்த பிறகுதான் பாறை மணிக்கூடு ஒழுங்காக ஓடத் தொடங்கியது. 1950களில் கிளெயர் பற்றர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமிக்கு 4550 மில்லியன் ஆண்டு என்றதும் அந்த வழியில்தான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கல்லை அனுப்பியவர் எங்கே?

அவர் வேறொரு பாதையில் திரும்பிவிட்டார். பாறை தேடிப் போன கிராமங்களில் அவர் கண்டது பாறை மட்டுமல்ல. கண்டி நாட்டுக் கம்மாளர், நெசவாளர், பாய் பின்னுவோர், ஓவியர் என்று தலைமுறை தலைமுறையாக வந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. இறக்குமதித் துணியும் தகரமும் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐரோப்பிய உடைக்குள் புகுந்துகொண்ட நம்மவரைப் பற்றி இரவல் இறகுகள் என்ற பொருளில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கித் தலைவரானார். 1906இல், இலங்கைப் பாறைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ஒரு விஞ்ஞானி உச்சத்துக்கு ஏறத் தொடங்கும் வயது, இருபத்தொன்பது. அந்த ஆண்டோடு பதவியை விட்டு, இங்கிலாந்து திரும்பினார்.

1907 பெப்ரவரியில் போல்ற்வூட்டின் பட்டியல் வெளிவந்தது. அதே செப்ரெம்பரில் குமாரசுவாமி இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் நூலை அச்சிடத் தொடங்கினார். பதினைந்து மாதம் பிடித்தது. 425 பிரதிகள். எதெல் மாட்டு வண்டிப் பயணங்களில் எடுத்த படங்கள் அதில் உள்ளன.

கல்லை விட்டுப் போனது நட்டமா என்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லைப் படித்த கண் போகவில்லை. முகலாய ஓவியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததிலிருந்து இராஜபுத்திர ஓவியத்தைத் தனியாகப் பிரித்தார். அதற்குள்ளும் இராஜஸ்தானி, பஹாடி என்று பிரித்தார். கையெழுத்தோ திகதியோ இல்லாத படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோட்டையும் நிறத்தையும் பார்த்து, எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். வில்லியம் ஸ்மித் சிப்பிகளை வைத்துச் செய்த அதே வேலை. 1917இல் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தில் இந்தியப் பிரிவின் பொறுப்பாளராகி, முப்பது வருடம் அங்கேயே இருந்தார். எதெலுடனான மணவாழ்வு அதற்கு முன்பே முறிந்திருந்தது. அவர் நெசவுக் கலைஞராகத் தனிப் பெயர் பெற்றார். குமாரசுவாமி 1947 செப்ரெம்பர் 9இல் மசசூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்ற ஊரில் காலமானார். எழுபதாவது பிறந்தநாள் கழிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இந்தியாவுக்குப் போய் ஒதுங்கி வாழ்வதாகத் திட்டமிட்டிருந்தார். தந்தையைப் போலவே அவருடைய பயணமும் நடக்கவில்லை.

அவர் தொடங்கிய அளவை பின்னர் திணைக்களமாகி, இன்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமாக இருக்கிறது. அவர் வயது சொல்ல முடியாமல் விட்டுப்போன பாறைகளுக்கு இன்று வயது உண்டு. மலைநாட்டுப் பாறைகள் இன்றைய உருவத்துக்கு வெந்தது சுமார் 550 முதல் 610 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிய காலம். ஆனால் வெந்து உருமாறுமுன் அவை மணலாகவும் சேறாகவும் கிடந்தன. அந்த மணலில் இருந்த சிர்க்கன் மணிகள் சில 2000 மில்லியனைத் தாண்டும், சில 3000 மில்லியனையும். ஆக, போல்ற்வூட்டின் எண் அவர் கையிலிருந்த கல்லுக்குப் பிழை. அந்தக் கல் பிறந்த மண்ணுக்கு அது அதிகமுமில்லை.

இன்னுமொன்று. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சிர்க்கன் மணிகளின் வயதை அளக்கும் கருவியைச் செய்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க வயது தெரிந்த நல்ல கல் ஒன்று வேண்டியிருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது இலங்கை மாணிக்கச் சரளையில் கிடைத்த சிர்க்கன்.

என் மாமா இப்போது இல்லை. அவருடைய குழி மூடப்பட்டு மேலே தேயிலை நிற்கிறது. ஆசிரியர் வீசிய பிறகும் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து கறுப்பு மணிகள் என்னிடம் உண்டு. நல்ல காந்தம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே இலேசாக இழுபட்டன. அப்படியென்றால் இல்மனைற்று, தோரியனைற்று அப்படி இழுபடாது. பரவாயில்லை என்று திரும்பவும் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.